வீட்டில் மூவருக்கு அன்றாட மருந்து: ஜெனரிக் மாத்திரைக்கு மாறலாமா?

கேள்வி: குடந்தைச் செல்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று பேர் நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார்கள். எழுபத்தொரு வயதான அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்காக மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாட்டின் என்று மூன்று மாத்திரைகள். அம்மாவுக்குத் தைராய்டுக் குறைவுக்காகத் தைராக்சின் 50 மைக்ரோகிராம். தம்பிக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்புக்காக ஃபெனிட்டோயின். மருத்துவர் எழுதித் தரும் கம்பெனி மாத்திரைகளையே இத்தனை ஆண்டுகளாக வாங்கி வருகிறோம். மாதம் பிறந்தால் மருந்துக் கடைக்கென்று மூவாயிரம் ரூபாயை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றச் செலவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு மக்கள் மருந்தகமும், அதற்கு அடுத்த தெருவில் ஒரு முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. சென்ற வாரம் அப்பாவின் சீட்டைக் கொண்டுபோய் விலை விசாரித்தேன். நாங்கள் கொடுத்து வருவதில் பாதிகூட வரவில்லை. மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து சொன்னால், அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். விலை குறைவாக இருந்தால் சரக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். ஜெனரிக் மாத்திரையில் எண்பது சதவீதம் மருந்து இருந்தாலே போதும் என்று விதியே இடம் கொடுத்திருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னதும் அம்மாவும் பயந்துவிட்டார்.

உண்மையிலேயே அப்படி ஒரு விதி உண்டா? விலையில் இவ்வளவு வேறுபாடு எதனால் வருகிறது? மூவருக்குமே மாற்றிவிடலாமா, அல்லது யாருக்கேனும் மாற்றாமல் இருப்பது நல்லதா? துறையில் இருப்பவர்களும் அனுபவப்பட்டவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

அன்புள்ள செல்வி அவர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவமனை மருந்தகங்களில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். அவர் இப்போது சாப்பிடுகிற 'கம்பெனி மாத்திரை'களும் ஜெனரிக் மருந்துகள்தாம். மெட்ஃபார்மின் 1957இல் பிரான்சில் சர்க்கரை நோய்க்கு அறிமுகமானது. அதன்மேல் இன்று எவருக்கும் காப்புரிமை கிடையாது. டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாட்டின் இரண்டின் காப்புரிமைக் காலமும் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு மருந்தை முதன்முதலில் கண்டுபிடித்து, மனிதர்களிடம் சோதித்து, காப்புரிமை பெற்று விற்கும் நிறுவனத்தின் சரக்கே மூல மருந்து; காப்புரிமை முடிந்த பிறகு மற்றவர்கள் அதே வேதிப்பொருளை அதே அளவில் செய்து விற்பது ஜெனரிக். நம் நாட்டில் அந்த ஜெனரிக் மருந்துக்கே ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வணிகப்பெயர் சூட்டி, மருத்துவர்களிடம் பிரதிநிதிகளை அனுப்பி விற்கிறது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தருவதை நிறுத்தி, செய்முறைக்கு மட்டும் தந்ததால், 2005இல் சட்டம் திருத்தப்படும் வரை வேறொரு செய்முறையில் எந்த மருந்தையும் இங்கே செய்ய முடிந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்த தொழில்தான் இன்று உலகம் முழுவதற்கும் மாத்திரை அனுப்புகிறது. எனவே உங்கள் அப்பா தேர்ந்தெடுக்க வேண்டியது பெயர் சூட்டிய ஜெனரிக்கையா, பெயர் சூட்டாத ஜெனரிக்கையா என்பதை மட்டுமே.

விலை வேறுபாட்டில் பெரும்பகுதி மாத்திரைக்குள் இல்லை. மருந்து மூலப்பொருளின் விலை, நீங்கள் கொடுக்கும் விலையில் சிறு பங்குதான். பிரதிநிதிகளின் சம்பளம், விளம்பரம், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை ஆகியோரின் பங்கு எல்லாம் சேர்ந்தே அட்டையில் அச்சிட்ட விலையாகிறது. அரசு விலைக் கட்டுப்பாடு வைத்திருக்கிறதே என்று கேட்கலாம். 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துகளுக்கான உச்ச விலையை உற்பத்திச் செலவைக் கொண்டு கணக்கிடுவதில்லை. சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள தயாரிப்புகளின் விலைகளைச் சராசரி எடுத்து, அதனுடன் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து நிர்ணயிக்கிறார்கள். சந்தையில் விலை உயர்ந்திருந்தால் உச்ச விலையும் அதற்கேற்ப உயர்ந்துதான் நிற்கும்.

பலர் அறியாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரதிநிதி வைத்து விற்காமல், நேரே கடைகளுக்கு மிகக் குறைந்த விலையில் கொடுக்கப்படும் ஜெனரிக் மருந்துகள் உண்டு. அவற்றின் அட்டையில் அச்சிட்டிருக்கும் விலையோ பிரபலமான பெயர் கொண்ட மாத்திரையின் விலைக்கு நெருக்கமாகவே இருக்கும். இடைப்பட்ட தொகை முழுவதும் கடைக்கே போகும். கடைக்காரர் மனம் வைத்தால் அதில் ஒரு பங்கைத் தள்ளுபடியாகத் தருவார். ஆகையால் 'ஜெனரிக்' என்று சொல்லித் தருவதெல்லாம் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மக்கள் மருந்தகத்தில் அச்சிட்ட விலையே குறைவு என்பது பெரிய வேறுபாடு.

தரத்தைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் எந்த மருந்து எப்போது வரும், எந்த நிலையில் வரும் என்று சொல்ல முடியாமல் இருந்ததை மூத்த ஊழியர்கள் வருத்தத்தோடு பேசக் கேட்டிருக்கிறேன். கழகம் வந்த பிறகு மருந்துகளை வணிகப்பெயரில் இல்லாமல், மருந்துப் பொருளின் பொதுப்பெயரான மூலப்பெயரிலேயே மொத்தமாக வாங்கினார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் (அதாவது ஒரே முறையில் சேர்த்துத் தயாரித்த சரக்கிலும்) மாதிரி எடுத்து, தயாரித்தவர் யார் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாதபடி குறியீட்டு எண் இட்டு அனுப்பி, முடிவு வந்த பின்பே மருத்துவமனைகளுக்கு விநியோகித்தார்கள். ராஜஸ்தான், கேரளம் உள்ளிட்ட மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத் தாங்களும் இதுபோன்ற கழகங்களை அமைத்தன. 'தமிழ்நாடு அரசு விநியோகம், விற்பனைக்கு அன்று' என்று அச்சிட்ட அந்த மாத்திரைகளைத்தான் இலட்சக்கணக்கான சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் சாப்பிட்டு வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பதும் ஜெனரிக் மாத்திரைகளே. மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டம் 2008இல் தொடங்கியது. அங்கும் வாங்கும் ஒவ்வொரு தொகுதியையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்பது விதி. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன.

இதனால் எல்லா ஜெனரிக்கும் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. தரக்குறைவு என்று கண்டறியப்பட்ட மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் பெயர் தெரியாத நிறுவனங்களும் இருக்கும், மருத்துவர்கள் நம்பி எழுதும் பெயர்களும் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் ஒரு நிறுவனமும் 'விற்பனை செய்பவர்' என்ற இடத்தில் வேறொன்றும் இருப்பதைக் காண்பீர்கள். ஒரே தொழிற்சாலை மூன்று நான்கு பெயர்களுக்கு மாத்திரை செய்து கொடுப்பது இத்தொழிலில் வழக்கமானது. மூலப்பெயரை வணிகப்பெயரைவிட இரண்டு எழுத்தளவு பெரிதாக அச்சிட வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருப்பதால், என்ன மருந்து என்பதை நீங்களே படித்துக்கொள்ளலாம்.


பதில்: மதுரை வாசகன்

ஐயா சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் மூலப்பெயரை மட்டும் பார்த்து மாற்றிவிடக் கூடாது என்பதை என் தாயார் பட்ட துன்பத்தால் கற்றுக்கொண்டேன். அதை இங்கே எழுதுவது கடமை என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்த மெட்டோப்ரோலால் சக்சினேட் 50 என்ற மாத்திரையைக் காலையில் ஒரு வேளை எழுதியிருந்தார்கள். அது நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கரையும் வகை. ஒருமுறை வழக்கமான கடையில் இருப்பு இல்லாததால் வேறொரு கடைக்குப் போனேன். அவர்கள் 'இதுவும் அதே மருந்துதான், விலையும் குறைவு' என்று சொல்லி மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் 50 மாத்திரையைக் கொடுத்தார்கள். நானும் மெட்டோப்ரோலால், 50 என்ற இரண்டையும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வாங்கி வந்தேன். அது சீக்கிரம் கரைந்து சீக்கிரம் வேலை முடித்துவிடும் வகை என்பதும், அதை இரண்டு வேளையாகப் பிரித்தே கொடுப்பார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. நான்கு நாள்கள் தொடர்ந்து மாலையானால் படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை என்று அம்மா தவித்தார். ஐந்தாம் நாள் மருத்துவர் அட்டையை வாங்கிப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. அந்த நான்கு இரவுகளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இதில் ஜெனரிக் மீது குற்றமில்லை. சக்சினேட் வகையிலேயே ஜெனரிக் மாத்திரை கிடைக்கிறது. அதைத்தான் இப்போது வாங்குகிறோம், நன்றாகவே இருக்கிறார். ஆகவே செல்வி அவர்களே, அப்பாவின் மெட்ஃபார்மின் சாதாரண வகையா, மெல்லக் கரையும் வகையா என்று சீட்டைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால், புதிதாக வாங்கும் அட்டையிலும் மெல்லக் கரையும் வகை என்று எழுதியிருக்க வேண்டும். அம்லோடிபின் சாப்பிடுபவர்களும் கவனிக்க வேண்டும். எஸ்-அம்லோடிபின் 2.5 மில்லிகிராம் என்பது சாதாரண அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்கு நிகரானது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அதே எண்ணில் வாங்கினால் அளவு இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும்.


பதில்: பொதுமருத்துவர்

மேலே இருவரும் எழுதியவை சரியானவை. செல்வி அவர்களின் உறவினர் சொன்ன எண்பது சதவீதக் கதையை மட்டும் முதலில் தெளிவாக்குகிறேன், ஏனென்றால் படித்தவர்களிடமும் இந்தத் தவறான புரிதலை அடிக்கடி காண்கிறேன்.

மாத்திரைக்குள் எண்பது சதவீத மருந்து இருந்தால் போதும் என்று எந்த விதியும் இல்லை. 500 மில்லிகிராம் என்று எழுதினால் மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் மருந்தியல் நூல் வகுத்த மிகக் குறுகிய வரம்புக்குள் 500 மில்லிகிராம் இருந்தாக வேண்டும். அது மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் ஒன்றே. எண்பது என்ற எண் வேறொரு சோதனையிலிருந்து வருகிறது. தன்னார்வலர்களுக்கு மூல மருந்தை ஒருமுறையும் ஜெனரிக்கை ஒருமுறையும் கொடுத்து, ரத்தத்தில் ஏறிய உச்ச அளவையும் மொத்தமாகச் சேர்ந்த அளவையும் ஒப்பிடுவார்கள். அந்த விகிதத்தின் சராசரி மட்டுமன்றி, அதைச் சுற்றிக் கணக்கிடப்படும் 90 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை என்று புள்ளியியல் காட்டுவது) முழுவதும் 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் நடுவே அடங்க வேண்டும். சராசரியே 80ஐ ஒட்டி இருந்தால் இடைவெளியின் கீழ்முனை வெளியே போய்விடும், சோதனை தோற்றுவிடும். எனவே தேறும் மருந்துகள் நடைமுறையில் 100க்கு மிக அருகில்தான் இருக்கும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன்னிடம் வந்த 2,070 ஒப்பீட்டுச் சோதனைகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்டபோது, ரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவில் மூல மருந்துக்கும் ஜெனரிக்குக்கும் சராசரி வேறுபாடு 3.56 சதவீதம் என்று கண்டது.

நம் நாட்டில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. இந்தச் சோதனை இங்கே நெடுங்காலம் எல்லா மருந்துக்கும் கட்டாயமாக இல்லை. ஒரு மருந்து நாட்டில் அனுமதி பெற்று நான்கு ஆண்டுகள் கடந்தபின் மாநில அதிகாரிகளிடமே உரிமம் வாங்கிவிடலாம் என்ற நிலையில், பல தயாரிப்புகள் ரத்த அளவு ஒப்பீடு இல்லாமலேயே கடைக்கு வந்தன. 2017 ஏப்ரலில்தான், நீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்காவது புதிதாக உரிமம் பெறும்போது இச்சோதனை வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். மூலப்பெயரில் எழுதத் தயங்கும் மருத்துவர்கள் அனைவரையும் கம்பெனியிடம் பலன் பெறுபவர்கள் என்று பேசுவது எனக்கு மன வருத்தத்தைத் தருகிறது. பலருடைய தயக்கம் விதியில் இருந்த இந்தப் பழைய குறையிலிருந்து வந்தது. நான் மூலப்பெயரில் மட்டும் எழுதினால், எந்தத் தயாரிப்பைக் கொடுப்பது என்ற முடிவு என் கையிலிருந்து கடைக்காரரின் கைக்குப் போகிறது. அவருக்கு எதில் அதிக லாபம் என்பதும் அதில் சேர்ந்துவிடுகிறது. மூலப்பெயரில் எழுதுவதைக் கட்டாயமாக்கி 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டு வந்த விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டதற்கும் இத்தகைய எதிர்ப்பு ஒரு காரணம். அதே வேளையில், ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்படும் அரசு வழியில் வரும் மருந்தை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. என் நோயாளிகளில் பலர் அதில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மற்றவர்களுடையதைப் போலவே கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

இனி உங்கள் வீட்டு மூவர். அப்பாவின் மூன்று மருந்துகளையும் மாற்றலாம். மாற்றிய இரண்டு வாரம் கழித்து ரத்த அழுத்தத்தையும், மூன்று மாதம் கழித்து மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துவிடுங்கள். எண்கள் முன்போலவே இருந்தால் அதைவிட நல்ல சான்று அப்பாவுக்குத் தேவையில்லை.

அம்மாவின் தைராக்சினில் சற்றுக் கவனம் வேண்டும். அது மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்யும் மருந்து. சிறு வேறுபாடும் ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவில் தெரியும். மாற்றலாம், ஆனால் மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். சோதனை செய்து, தேவையானால் அளவைத் திருத்திக்கொண்டு, பிறகு அந்த ஒரே தயாரிப்பிலேயே நிலைத்திருக்க வேண்டும். மாதம் ஒரு தயாரிப்பு என்று மாறி மாறி வாங்குவதே கெடுதல்.

தம்பியின் ஃபெனிட்டோயினைத் தயவுசெய்து நீங்களாக மாற்ற வேண்டாம். ஈரல் அந்த மருந்தைக் கையாளும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கிய நிலையில் சிறிதளவு கூடினாலும் ரத்த அளவு பெருமளவு ஏறிவிடும். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்ற குறுகிய வரம்புக்குள் அது இருக்க வேண்டும். குறைந்தால் வலிப்பு வரும், கூடினால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். 1968-69இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஃபெனிட்டோயின் சாப்பிட்டு வந்த பலருக்கு ஒரே காலத்தில் நச்சு அறிகுறிகள் தோன்றின. ஆராய்ந்தபோது, மருந்தின் அளவில் மாற்றமே இல்லை. குளிகையை நிரப்பப் பயன்படுத்திய கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸைச் சேர்த்திருந்தார்கள். அதனால் மருந்து முன்னைவிட அதிகமாக உடலில் ஏறிவிட்டது. வலிப்பு மருந்துகள் எல்லாமே இப்படி என்று சொல்லிவிட முடியாது. லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தில், ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட இரண்டு ஜெனரிக் தயாரிப்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ரத்த அளவு மாறவில்லை, வலிப்பும் கூடவில்லை. எனினும் ஃபெனிட்டோயினில் நிலையாக இருக்கும் ஒருவரைச் சில நூறு ரூபாய்க்காக அசைக்க நான் துணியமாட்டேன். செலவு தாங்கவில்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ரத்த அளவைப் பார்த்து, தம்பி சில வாரங்கள் வண்டி ஓட்டாமலும் தனியாக நீந்தாமலும் இருக்கச் சொல்லி, முறையாக மாற்றித் தருவார்.


பதில்: குடந்தைச் செல்வி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மெட்ஃபார்மின் வரலாற்றையும் மருத்துவப் பணிகள் கழகத்தின் சோதனை முறையையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, சோதனை முடிவு சரியாக வந்தால் தொடர்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய சீட்டில் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். என்றே இருக்கிறது, மதுரை நண்பர் சொல்லியிராவிட்டால் கவனித்திருக்க மாட்டேன். தம்பியின் மருந்தில் கை வைக்கப் போவதில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள். அப்பாவின் சீட்டில் கம்பெனிப் பெயர்தான் இருக்கிறது. அதைக் காட்டி ஜெனரிக் கேட்டால் தருவார்களா? அடுத்த முறை இன்சுலின் தொடங்க வேண்டி வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்; அதிலும் ஜெனரிக் உண்டா?


பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்க, மருந்துகள் விதிகளின்படி கடைக்காரருக்கு உரிமை இல்லை. பல கடைகளில் கொடுத்துவிடுகிறார்கள் என்றாலும், மதுரை நண்பருக்கு நேர்ந்தது போன்றவற்றைத் தடுக்கத்தான் அந்த விதி. உங்கள் மருத்துவரிடமே மூலப்பெயரையும் அளவையும் வகையையும் எழுதி வாங்கிவிடுங்கள். மக்கள் மருந்தகத்துக்கு மாறப்போகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்; அவர் தெரிந்து வைத்திருப்பது அப்பாவுக்கும் பாதுகாப்பு.


பதில்: பொதுமருத்துவர்

இன்சுலின் சிறு வேதிப்பொருள் அன்று, உயிரணுக்களை வளர்த்து அவற்றின் வழியாகச் செய்யப்படும் புரதம். ஆகவே அதில் ஜெனரிக் என்று சொல்வதில்லை. மூல மருந்தை ஒத்த உயிரி மருந்துகள் என்ற தனிப் பிரிவில், தனிச் சோதனைகளோடு அனுமதி பெற்று, குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கொண்டே தொடங்கலாம். இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என்று இரண்டு செறிவில் இன்சுலின் குப்பிகள் விற்கப்படுகின்றன. குப்பியில் எந்த எண் இருக்கிறதோ அதே எண் குறித்த ஊசியைத்தான் வாங்க வேண்டும். மாறிப்போனால் இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ உடலில் ஏறிவிடும். முதல் நாள் வாங்கும்போதே இரண்டையும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.